அறுநூற்றுப் பன்னிரண்டாவது துணுக்கு

அறுநூற்றுப் பன்னிரண்டாவது துணுக்கில் கருத்தராசு நின்றுவிட்டது. திரையில் முள் மேல்கோட்டைத் தொட்டிருந்தது. அதற்குக் கீழே மஞ்சள் நிறத்தில் 'உண்டு' என்று ஒரே ஒரு சொல்.

"என்னக்கா உண்டு?" என்று கேட்டாள் ஆதிரை.

"தலசீமியாங்கிற ரத்த நோய், கண்ணு. குழந்தைக்கு இருக்குன்னு சொல்லுது." எண்ணுநர் மேகலா திரையைப் பார்த்தபடியே சொன்னாள். ஓமலூர்க் கருநல நிலையத்தில் ஒன்பது வருடமாக இதே திரையைத்தான் பார்க்கிறாள். "உக்காரு. தண்ணி குடி. இந்த நாற்காலில நானும் ரெண்டு தடவை உக்காந்திருக்கேன்."

ஆதிரை உட்காரவில்லை. "எனக்கு முன்னாடி வந்த பச்சைச் சேலைக்காரங்களுக்கு மூணு மணி நேரம் ஓடுச்சு. எனக்கு நாலு நிமிஷம்கூட ஆகலையே?"

"சிலருக்குச் சீக்கிரம் நின்னுடும்."

"ஏன்?"

"மேல்கோட்டைத் தொட்டா நின்னுடும். அதான் விதி."

கருத்தராசு பெயருக்கு ஏற்ற இயந்திரம்தான். பத்தாவது வாரத்தில் தாயின் கையிலிருந்து ஒரு குப்பி ரத்தம் எடுத்தால் போதும். வயிற்றுக்குள் ஊசி போக வேண்டியதில்லை. அந்த ரத்தத்தில் மிதக்கும் மரபணுத் துணுக்குகளில் பத்தில் ஒன்று குழந்தையுடையது. ஆதிரையைப் போல அந்த நோய்க்கான மரபணுவில் ஒரு நல்ல பிரதியும் ஒரு பழுதான பிரதியும் உள்ள தாய்க்கு நோய் எதுவும் கிடையாது. அவள் ரத்தத்தில் இரண்டு வகைத் துணுக்குகளும் சமமாக இருக்கும். குழந்தைக்கு அம்மாவிடமிருந்தும் அப்பாவிடமிருந்தும் பழுதான பிரதியே வந்திருந்தால் மட்டும் ஒரு தட்டு கொஞ்சமே கொஞ்சம் தாழும். அந்தக் கொஞ்சத்தைக் கண்டுபிடிக்கத்தான் துணுக்கு துணுக்காக எண்ண வேண்டியிருக்கிறது. நாற்பதாயிரம் எண்ணினால் சந்தேகத்துக்கே இடமில்லை. ஆனால் நிலையத்தில் இருப்பது எட்டே தராசுகள், வாசலில் நிற்பதோ நூறு பெண்கள். அதனால் முள் போதுமான அளவு சாய்ந்ததும் நிறுத்திக்கொள்ளலாம் என்று சுகாதாரத் துறை முடிவு செய்தது. மேல்கோட்டைத் தொட்டால் 'உண்டு', கீழ்க்கோட்டைத் தொட்டால் 'இல்லை'.

"இன்னும் கொஞ்சம் எண்ணச் சொல்லுங்கக்கா. குப்பியில ரத்தம் அப்படியே இருக்கே."

"முடிவு வந்துட்டா எண்ணாது."

"எண்ணாதுன்னா?"

"எண்ணுற பட்டனே வராது. இங்க பாரு." மேகலா திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினாள். பட்டன் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

ஆதிரைக்குச் சேலத்து ஜவ்வரிசி ஆலையில் தரம் பார்க்கும் வேலை. மூட்டைக்குள் குத்தூசி விட்டு ஒரு பிடி எடுத்துப் பார்த்து லோடை ஏற்பதும் தள்ளுவதும் அவள் கையில். "ரெண்டு மூட்டையில குத்தூசி போட்டுட்டு முழு லாரியையும் திருப்பி அனுப்பினா, எங்க மேனேஜர் என்னையே திருப்பி அனுப்பிடுவாருக்கா," என்றாள்.

அதற்குள் அவளுடைய அட்டையில் தேதி ஏறிவிட்டது. பதினான்கு நாள் கழித்து, புதன்கிழமை காலை, கருநீக்கம். கட்டாயமில்லை. துறை எதையும் கட்டாயப்படுத்துவதில்லை. வேண்டாம் என்றால் 'அறிந்தே பெறுகிறேன்' என்ற படிவத்தில் கையெழுத்துப் போடலாம். போட்டுவிட்டால் பிறக்கும் குழந்தைக்கு அந்த நோய்க்கான சிகிச்சை எதுவும் அரசு மருத்துவமனையில் கிடைக்காது. மாதம் தவறாமல் ஏற்ற வேண்டிய ரத்தமும் கிடைக்காது. ஒன்பது வருடத்தில் அந்தப் படிவத்தைக் கேட்டு யாரும் வந்ததில்லை. அச்சடித்த கட்டு பிரிக்கப்படாமல் அலமாரியில் இருந்தது.

வீட்டில் மாமியார் சுகன்யா முதலில் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மருமகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "மெஷின் பொய் சொல்லாது கண்ணு. அதுக்கு நம்ம மேல என்ன கோவம்? நல்லா அழுதுட்டு, அடுத்ததைப் பாரு."

ஆதிரை முடிவுத்தாளின் இரண்டாம் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். முதல் பக்கத்திலேயே எல்லாம் முடிந்துவிடுவதால் யாரும் படிக்காத பக்கம் அது. திடீரென்று கணவனைக் கூப்பிட்டாள்.

"மிதுன், நாம என்ன அண்ணன் தங்கச்சியா?"

"என்னது?"

"இதைப் படி. தாயின் குலதெய்வம், வெள்ளாத்து முனியப்பன். தந்தையின் குலதெய்வம், வெள்ளாத்து முனியப்பன். பெற்றோர் உறவு, ஒரே குலம், அடைப்புக்குறிக்குள்ள பங்காளி. தொடக்கச் சாய்வு, மிக அதிகம்."

மிதுன் இரண்டு முறை படித்தான். "உங்க வீட்டுச் சாமி பாறைக்காட்டுப் பச்சாயி ஆச்சே?"

"நான்தானே முனியப்பன்னு எழுதச் சொன்னேன்," என்றாள் சுகன்யா. "உங்கள் குலதெய்வம்னு கேட்டிருந்தான். கல்யாணம் ஆனவ வேற எதை எழுதுவா? பச்சாயி இப்ப உன் சாமியே இல்லையே."

"சாமி மாறிடும் அத்தை. ரத்தம் மாறுமா?"

இந்த இடத்தில் துறையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லியாக வேண்டும். ஆரம்பத்தில் அவர்கள் தந்தையின் ரத்தத்தையும் கேட்கத்தான் செய்தார்கள். தந்தைகள் வரவில்லை. ஒருவருக்கு ஷிப்ட், ஒருவருக்கு லோடு இறக்கும் வேலை, ஒருவருக்கு ஊசியைப் பார்த்தாலே மயக்கம். மாசமாக இருப்பது அவள், எனக்கெதற்கு டெஸ்ட் என்று கேட்டவர்கள்தான் அதிகம். நூறு பேரைக் கூப்பிட்டால் பதினோரு பேர் வந்தார்கள். இரண்டு வருடம் கெஞ்சிப் பார்த்துவிட்டுத் துறைக்கு வெறுத்துப்போனது. தந்தையின் ரத்தத்துக்குப் பதிலாகத் தந்தையின் குலதெய்வத்தை வைத்துக்கொள்வோம் என்று யாரோ ஒரு புத்திசாலி சொன்னார். ஒரு குலதெய்வத்தைக் கும்பிடும் ஆண்கள் எல்லாரும் ஒரே கொடிவழி. அந்தக் குலத்தில் பழுதான பிரதி எத்தனை பேருக்கு இருக்கிறது என்று தெரிந்தால், இந்தத் தந்தைக்கு இருக்கும் வாய்ப்பையும் ஊகித்துவிடலாம். தராசு முள்ளை நடுவில் வைத்து ஆரம்பிக்காமல், அந்த ஊகத்துக்கு ஏற்றாற்போல் சாய்த்து வைத்து ஆரம்பிக்கலாம். அதுதான் தொடக்கச் சாய்வு. சோதனைக்கு வரும் ஒவ்வொரு பெண்ணின் ரத்தமும் அவள் எழுதித் தந்த குலத்தின் அட்டவணையில் சேர்ந்துகொண்டே போகும்; போகப் போக ஊகம் கூர்மையாகும்.

யோசனையில் குற்றமில்லை. ஆனால் கர்ப்பிணிப் பெண்ணிடம் 'உங்கள் குலதெய்வம்' என்று கேட்டால் அவள் புகுந்த வீட்டுச் சாமியைத்தான் எழுதுவாள். தாலி ஏறிய கையோடு அந்தக் கோயிலில் பொங்கல் வைத்து அவளை அந்தக் குலத்தில் சேர்த்தாகிவிட்டது. படிவம் தயாரித்தவர்களுக்கு இது தெரியாது. எழுதிக் கொடுத்த பெண்களுக்கோ தராசுக்குள் என்ன நடக்கிறதென்று தெரியாது. ஆக, பாறைக்காட்டிலிருந்து வந்த ஆதிரையின் ரத்தம் வெள்ளாத்துக் குலத்தின் பெயரில் ஏறியது. அவளுக்கு முன் அந்தக் குலத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நூற்றுச் சொச்சம் மருமகள்களின் ரத்தமும் அப்படியேதான் ஏறியிருந்தது. கணவனும் மனைவியும் ஒரே குலம் என்று நம்பிய தராசு, எண்ணத் தொடங்கும் முன்பே முள்ளை மேல்கோட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டது.

மறுநாள் காலை முதல் ஆளாக ஆதிரை நிலையத்தில் நின்றாள்.

"படிவத்துல ஒரு தப்பு அக்கா. என் குலதெய்வத்தை மட்டும் மாத்திட்டு மறுபடி ஓட்டிடுங்க."

"முடிவு வந்தப்புறம் படிவம் பூட்டிக்கும் கண்ணு. திறந்து வெச்சா, முடிவு பிடிக்காதவங்க எல்லாம் ஆளுக்கு ஒண்ணு மாத்துவாங்களாம்." மேகலா அலுப்போடு சொன்னாள். ஒரு நாளைக்கு இருபது முறை சொல்லும் வாக்கியம் அது. "என்ன தப்பு?"

ஆதிரை சொன்னாள். இரண்டாம் பக்கத்தைக் காட்டினாள். மேகலா அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"நீங்க என்னக்கா எழுதினீங்க?"

"எல்லாரும் எழுதுறதைத்தான்," என்றாள் மேகலா. பிறகு சென்னையில் இருக்கும் துணை இயக்குநரைத் திரையில் கூப்பிட்டாள். ஒன்பது வருடத்தில் அவள் அவரைக் கூப்பிட்டது அதுதான் முதல்முறை.

துணை இயக்குநர் பரணிதரன் பிறந்து வளர்ந்ததெல்லாம் புனே. குலதெய்வக் கோயில் என்றால் அவருக்கு ஒரே ஒரு முறை விடுமுறையில் போய்க் கிடாக்கறி சாப்பிட்ட இடம். பொறுமையாகத்தான் கேட்டார்.

"மேடம், உங்க வருத்தம் எனக்குப் புரியுது. ஆனா தராசு ஒன்பது வருஷத்துல ஒரு தடவைகூடத் தப்பினதில்ல. நூத்துக்கு நூறு."

"'உண்டு'ன்னு வந்ததுல எத்தனை குழந்தைங்க சார் பிறந்திருக்கு?"

"ஒண்ணும் பிறக்கலையே."

"அப்ப சரியா தப்பான்னு எதை வெச்சுப் பார்த்தீங்க?"

"மறுப்பு வந்தா தப்பு. வரலைன்னா சரின்னு எடுத்துக்குவோம். இதுவரைக்கும் ஒரு மறுப்பும் வரலை."

"பிறக்காத குழந்தை எழுந்து வந்து மறுக்குமா சார்?"

பரணிதரன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உணர்ச்சிவசப்படாதீங்க. டேட்டா தெளிவா இருக்கு. இங்க நூறு தம்பதில எழுபது பேர் ஒரே குலம். பங்காளித் திருமணம் இவ்வளவு அதிகமா இருக்கேன்னு நானே ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கேன்."

"பங்காளியைக் கட்டுறதா?" மேகலா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள். "சார், பங்காளியைக் கட்டினா ஊருக்குள்ள விடுவாங்களா? எழுபது வேண்டாம். ஒரே ஒரு ஜோடியைக் காட்டுங்க, நான் வேலையை விட்டுடறேன்."

"டேட்டா அப்படித்தான் சொல்லுது," என்று அவர் திரும்பவும் சொன்னார். மோதிக்கொள்ளச் சுவர் இருந்தால்கூடப் பரவாயில்லை என்று ஆதிரைக்குத் தோன்றியது.

மிதுன் அன்றே அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பேருந்து நிலையத்தருகே இருந்த பழைய தனியார் சோதனைக்கூடத்தில் கையை நீட்டினான். இரண்டு நாளில் தாள் வந்தது. அவனிடம் பழுதான பிரதி இல்லை. அப்பாவிடம் இல்லாத பழுது குழந்தைக்கு இரட்டையாக வர வழியே இல்லை; மிஞ்சிப்போனால் ஆதிரையைப் போல நோயில்லாமல் சுமக்கும், அவ்வளவுதான். அந்தத் தாளைத் துறை வாங்கிக்கொள்ளவில்லை. தந்தையின் ரத்தத்துக்கான கட்டத்தையே படிவத்திலிருந்து எடுத்து ஏழு வருடம் ஆகிறதாம். வேண்டுமானால் ரத்தம் கொடுத்தவர் உண்மையிலேயே வெள்ளாத்துக் குலத்தவர்தானா என்று அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றார் பரணிதரன். அவருக்கு மிதுன் மேலேயே சந்தேகம். ஆள்மாறாட்டம் நடந்திருக்குமோ என்று நினைத்தார்.

ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒன்பதாம் நாள், குடும்ப அட்டையில் தலைவி என்ற முறையில் சுகன்யாவின் கைபேசிக்கு அறிவிப்பு வந்தது:

'உங்கள் மகன் மிதுன், வெள்ளாத்து முனியப்பன் குலத்தைச் சேர்ந்தவர் அல்லர். உறுதி: 99.7 விழுக்காடு. குடும்ப அட்டையில் தந்தையின் பெயரைத் திருத்த 1-ஐ அழுத்தவும்.'

சுகன்யாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கைபேசியைச் சோபாவில் வீசினாள். அவள் கணவர் இறந்து பதினாறு வருடம் ஆகிறது. "அவரை அப்படியே உரிச்சு வெச்சிருக்கான்! அந்தக் காதைப் பாரு, அதே காது! என்னைப் பார்த்து இந்தக் கேள்வி கேக்க இவனுங்க யாரு?"

மெஷின் பொய் சொல்லாது என்றீர்களே என்று கேட்க ஆதிரைக்கு நாக்கு துறுதுறுத்தது. கேட்கவில்லை.

மறுநாள் காலை சுகன்யா நிலையத்துக்குள் நுழைந்தபோது வரிசையில் நின்றவர்கள் தாமாகவே வழிவிட்டார்கள். "கூப்பிடும்மா உங்க ஆபீசரை," என்றாள் மேகலாவிடம். திரையில் பரணிதரன் தோன்றியதும் அவர் வணக்கம் சொல்வதற்குக்கூட விடவில்லை.

"தம்பி, உங்க குலதெய்வம் எது?"

"அது எதுக்கும்மா? அய்யனார். கரடிமலை அய்யனார்."

"உங்க மெஷின் மேல உங்களுக்கு நம்பிக்கை இருக்கா?"

"முழு நம்பிக்கை."

"அப்ப உங்க ரத்தத்தை வைங்க. நான் இங்கயே உக்காந்திருக்கேன்."

மறுக்க அவருக்குக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை. தலைமை அலுவலகத்துத் தராசில் ரத்தம் கொடுத்தார். மூன்று நிமிடத்தில் 'பொருந்தவில்லை' என்று வந்தது. அதோடு போயிருந்தால் அவர் அதையும் டேட்டா என்று விளக்கியிருப்பார். ஆனால் அறிவிப்பு அனுப்புவதற்கு இயந்திரம் யாரையும் கேட்பதில்லை. அடுத்த நிமிடமே, 1-ஐ அழுத்தச் சொல்லி, புனேயில் இருக்கும் அவர் அம்மாவின் கைபேசிக்குச் செய்தி போய்விட்டது.

அம்மாவும் மகனும் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது தெரியாது. அன்று பிற்பகல் துறையிலிருந்த நாற்பது ஆண்களின் ரத்தத்தை எடுத்தார்கள். ஒருவருக்கும் பொருந்தவில்லை. பிறகு அவர்களுடைய மனைவிமார் ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட எல்லாருமே கணவன் வீட்டுக் குலத்தோடு அழகாகப் பொருந்தினார்கள்; அட்டவணை முழுக்க மருமகள்களின் ரத்தம்தானே இருந்தது. மாலைக்குள் உத்தரவு வந்தது. குலதெய்வக் கட்டம் நீக்கப்படுகிறது. இனி முள் நடுவிலிருந்துதான் தொடங்கும். ஆயிரம் துணுக்குக்குள் நின்றுபோன மாதிரிகள் அனைத்தையும், குளிர்பெட்டியில் இருக்கும் பழையவை உட்பட, நாற்பதாயிரம் வரை முழுதாக எண்ண வேண்டும். ஒன்பது வருடத்தில் அப்படி நின்றவை ஏழாயிரத்து முந்நூற்றுச் சொச்சம். அவசரத்தில் போட்ட உத்தரவு அது. எண்ண வேண்டும் என்பதைத் தவிர அதில் வேறு எதுவும் இல்லை.

ஆதிரையின் குப்பியைச் செவ்வாய்க்கிழமை காலை ஏற்றினார்கள். அட்டையில் இருந்த கருநீக்கத் தேதி மறுநாள். மற்ற ஏழு தராசுகளில் பழைய குப்பிகளை ஏற்றிவிட்டு மேகலா ஆதிரை, மிதுன், சுகன்யா மூவரின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அறுநூற்றுப் பன்னிரண்டைத் தாண்டும்போது மிதுன் ஆதிரையின் கையைப் பிடித்துக்கொண்டான். முள் நடுவைச் சுற்றியே ஆடியது. பத்தாயிரத்தில் இறங்கத் தொடங்கியது. முப்பத்தெட்டாயிரத்தில் கீழ்க்கோட்டைத் தொட்டது. உத்தரவுப்படி நிற்காமல் நாற்பதாயிரம் வரை போய் அங்கேயே நின்றது. 'இல்லை.'

ஆதிரையின் கைபேசி சிணுங்கியது. 'வாழ்த்துகள்! உங்கள் பத்தாவது வாரக் கரு நலமாக உள்ளது. இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுங்கள். அடுத்த வருகை: இன்றிலிருந்து பதினான்காம் நாள்.'

சுகன்யா மருமகளைக் கட்டிக்கொண்டு இந்த முறை சத்தமாகவே அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லாருக்கும் இனிப்பு வாங்கி வருகிறேன் என்று கிளம்பினாள். ஆதிரைக்கும் உடம்பெல்லாம் லேசாகிவிட்டது போல் இருந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் அவள் மேகலாவின் பக்கம் திரும்பினாள்.

மேகலா தன் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

'இல்லை' என்று வரும் ஒவ்வொரு முடிவுக்கும் வாழ்த்து அனுப்ப வேண்டும் என்பது பழைய விதி. அதை நிறுத்தி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. எந்தக் குப்பி இந்த மாதத்தது, எந்தக் குப்பி ஏழு வருடம் பழையது என்று தராசுக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் துணுக்குகள்தான். ஏழு தராசுகளும் காலையிலிருந்து எண்ணி முடித்து, ஒவ்வொன்றாக அனுப்பிக்கொண்டிருந்தன.

"அக்கா?"

மேகலா கைபேசியை அவளிடம் நீட்டினாள். ஒரே பெயருக்கு இரண்டு செய்திகள், ஒன்றன்கீழ் ஒன்றாக. வாழ்த்துகள், உங்கள் பத்தாவது வாரக் கரு நலமாக உள்ளது. வாழ்த்துகள், உங்கள் பத்தாவது வாரக் கரு நலமாக உள்ளது. இரண்டிலும் இரும்புச்சத்து மாத்திரை. இரண்டுக்கும் சேர்த்து, இன்றிலிருந்து பதினான்காம் நாள் வரச் சொல்லியிருந்தது.

"மூத்தது இருந்திருந்தா ரெண்டாவது படிக்கும்," என்றாள் மேகலா.

ஆதிரைக்குத் தன் வயிற்றின் மேல் இருந்த கையை எடுத்துவிடலாமா என்று ஒரு கணம் வெட்கமாக இருந்தது. வெளியே வரிசையில் யாருடைய கைபேசியோ சிணுங்கியது. சற்றுத் தள்ளி இன்னொன்று.

"கீழ இன்னும் ஏதோ இருக்கு பாரு கண்ணு. எனக்குக் கண்ணு தெரியல. படி."

ஆதிரை படித்தாள். 'எங்கள் முடிவு சரியாக இருந்ததா? ஆம் அல்லது இல்லை என்று பதில் அனுப்பவும். ஏழு நாட்களுக்குள் மறுப்பு வராவிட்டால், சரி என்று எடுத்துக்கொள்ளப்படும்.'